எண்ணுகிறவள்

கல்யாணமாகி வந்த புதிதில் அந்த வீட்டில் அவளுக்குக் கிடைத்த முதல் வேலை எண்ணுவது.

கணவர் ஜன்னலோரம் நின்று இரும்புக் குண்டுகளைத் தூக்குவார். அவள் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எண்ணுவாள். லிஃப்ட் மெக்கானிக்கான அவரைத் தெருவில் எல்லோரும் பயில்வான் என்றே கூப்பிட்டார்கள். கார் பட்டறைக்குப் பின்னால் தகரம் வேய்ந்த கொட்டகை ஒன்றில் அவரும் சிநேகிதர்களும் சாயங்காலங்களில் பழகினார்கள். தூக்குகிறவன் தானே எண்ணிக்கொள்ளக் கூடாது என்பது அந்தக் கொட்டகையின் சட்டம். தனக்குத் தானே எண்ணுகிறவன் பொய் சொல்வான். அடுத்தவன்தான் எண்ண வேண்டும், ஆரம்பித்தால் பாதியில் நிறுத்தவும் கூடாது.

அதுவரை பயில்வானுக்கு எண்ணிக்கொண்டிருந்தவர் ஒரு தச்சர். ஒருநாள் சிநேகிதனின் கை நடுங்குவதைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, முப்பத்தேழுக்கு அடுத்து முப்பத்தொன்பது என்று சொல்லிவிட்டார். பயில்வான் இரும்பைக் கீழே வைத்தார்.

"முப்பத்தெட்டு எங்கடா?"

கொட்டகையே சிரித்தது. பயில்வான் சிரிக்கவில்லை. மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். அன்றோடு தச்சருக்கு முப்பத்தெட்டு என்று பெயர் விழுந்தது. வீட்டில் கோபம் வந்தால் அவர் மனைவிகூட அப்படித்தான் கூப்பிடுவாளாம். பயில்வான் அதற்குப் பிறகு அவரை எண்ணவிடவே இல்லை. அந்தப் பதவி புது மனைவிக்கு வந்தது.

அவள் ஒழுங்காகத்தான் எண்ணினாள். ஆனால் வாய் சும்மா இருக்காது.

"எடுத்த இடத்துலயே வைக்கறதுக்கு எதுக்குங்க எடுக்கணும்?"

"எண்ணு, எண்ணு. பேச்சு குடுக்காத."

"இருபத்தொண்ணு. பக்கத்து வீட்டுல பீரோ நகர்த்தணும்னு சொன்னாங்க. அங்க போய்த் தூக்கினா புண்ணியமாவது சேரும். இருபத்திரெண்டு."

முடிந்ததும் அவர் கையை மடக்கி அவள் முகத்துக்கு நேரே நீட்டுவார். "பாரு. போன மாசம் இந்தச் சட்டைக் கை எவ்வளவு லூசா இருந்துச்சு." அவள் பார்ப்பாள். அவள் பார்க்க வேண்டும். எண்ணுகிற வேலையில் அதுவும் அடக்கம் என்று அவளுக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது.

சின்ன வயதில் அவளும் நன்றாக ஓடுவாள். பள்ளிக்கூடத்து மைதானத்தில் அவள் ஓடினால் காதோரம் காற்று துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் போடும். உடம்பு வளர ஆரம்பித்ததும் அம்மா ஒரே வார்த்தையில் நிறுத்திவிட்டாள். "பொம்பள தெருவுல ஓடினா யாருக்கு என்ன ஆச்சுன்னுதான் கேப்பாங்க." அவள் அழவில்லை. மற்ற பெண்களும் அப்போதுதான் நிறுத்திக்கொண்டிருந்தார்கள். பிறகு சலவை நிலையத்தில் வேலை கிடைத்தது. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளையும் ஹோட்டல் துண்டுகளையும் நீராவி இயந்திரத்தில் தேய்த்து மடிக்க வேண்டும். நாள் முழுக்க நின்றபடி ஒரு காலால் பெடலை மிதிக்க வேண்டும். "உங்களுக்கெல்லாம் தனியா எதுக்கும்மா எக்சர்சைஸ்? அதான் இங்கயே நடக்குதே" என்பார் மேற்பார்வையாளர். அவர் மட்டும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவார். டாக்டர் சொல்லியிருந்தாராம்.

கொட்டகை ஆண்கள் ஒவ்வொருவராக உதிர்ந்தார்கள். ஒருவருக்குக் கல்யாணம், ஒருவருக்கு இரவு ஷிஃப்ட், ஒருவருக்கு இடுப்பு. பார்க்க ஆள் இருந்தவரை தூக்கினார்கள். பார்க்கிறவர்களுக்கு வேறு வேலை வந்ததும் தொப்பையோடு சமாதானமாகிவிட்டார்கள். பயில்வான்தான் கடைசிவரை நின்றார். ஒரு வருடம், அதற்கு முந்தைய வருடம் தூக்கியதை அவரால் தூக்க முடியவில்லை. இரும்பைத் துடைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

"கொஞ்சம் கம்மியா வெச்சுத் தூக்குங்களேன்."

"இனிமே ஏறாதுன்னு தெரிஞ்சப்புறம் தூக்கி என்ன பண்ண?"

ஒரு குண்டு மட்டும் வெளியே வந்தது. பால்கனிக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க அவள் அதை முட்டுக்கொடுத்து வைத்தாள்.

சலவை நிலைய வேலையிலிருந்து அவள் நின்றதும் உடம்பு அதுவரை தள்ளிவைத்திருந்த வலிகளை எல்லாம் மொத்தமாகக் கொண்டுவந்து போட்டது. குனிந்தால் நிமிர முடியவில்லை. நகராட்சி நீச்சல் குளத்தில் காலையில் பெண்களுக்கு ஒரு மணி நேரம் இருக்கிறது, போய்த் தண்ணீரில் நில்லுங்கள் என்றார் டாக்டர். வெறுமனே நிற்கத்தான் போனாள்.

அங்கே போய்ப் பார்த்தால் எல்லோரும் அவள் வயதுதான். ஒருத்திக்கு மூட்டு, ஒருத்திக்குத் தூக்கமின்மை, ஒருத்திக்குப் பிள்ளைகள் வெளியூர் போன வீடு. ஆண்கள் முடித்துக்கொண்ட வயதில் இவர்கள் ஆரம்பித்திருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. தொப்பை, தழும்பு, சுருக்கம் எல்லாம் தண்ணீருக்குள் போய்விட்டன. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மாதான் அங்கே தலைவி. இறங்குகிற படியிலேயே கூட்டமாக நின்று குளிருக்கு நடுங்குகிறவர்களைப் பார்த்து அவள் குரல் கொடுப்பாள்.

"முன்னாடி போங்க, முன்னாடி போங்க. உள்ள எவ்வளவு எடம் காலியா கெடக்கு. படியில நிக்காதீங்கம்மா."

சிரித்துக்கொண்டே எல்லோரும் இறங்குவார்கள். கண்டக்டரம்மாதான் அவளுக்கு மிதக்கக் கற்றுக்கொடுத்தாள், பிறகு கையை வீச. முதல்முறை முகத்தைத் தண்ணீருக்குள் விட்டபோது, யாரும் யாரையும் கூப்பிடாத ஒரு இடம் உலகத்தில் இருப்பது அவளுக்குத் தெரிந்தது. ஜன்னல் வெளிச்சம் தரையில் வலை மாதிரி ஆடியது. முதுகு வலிக்கவில்லை. ஓடுகிறேன் என்று தோன்றியது. இத்தனை வருடத்துக்குப் பிறகு, நிற்காமல், யாரும் என்ன ஆச்சு என்று கேட்காமல்.

"அடுத்த மாசம் ஆழமான பக்கம் கூட்டிட்டுப் போறேன்" என்றாள் கண்டக்டரம்மா. "அங்கதான் டெர்மினஸ்."

அந்த மாதம்தான் பயில்வான் விழுந்தார். ஓய்வு பெற்ற பிறகும் தெரிந்தவர்கள் கூப்பிட்டால் லிஃப்ட் பார்க்கப் போவார். அன்றைக்கு ஒரு லிஃப்டின் கதவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ஸ்பானர் கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது என்றார்கள். வலது கையும் காலும் போய்விட்டன. வார்த்தைகள் தடுமாறின, பிறகு மெல்ல மெல்லத் திரும்பின. எண்கள் மட்டும் முதல் நாளிலிருந்தே பழுதில்லாமல் இருந்தன. நர்ஸ் எண்ணச் சொன்னபோது கொட்டகைக் குரலில் எண்ணினாராம். பக்கத்துப் படுக்கைக்காரர் பயந்துவிட்டாராம்.

வீட்டுக்கு வந்ததும் கட்டிலை முன்னறையில் ஜன்னலோரம் போட்டார்கள். வாரம் ஒருமுறை பிசியோதெரபிப் பெண் வந்தாள். வலது கால் எழுந்து நிற்கிற அளவுக்கு வந்தது. கைதான் விஷயம் என்றாள். நான்காக மடித்த துண்டு ஒன்றை அந்தக் கைக்குள் வைத்தாள்.

"இதை இறுக்கிப் பிடிக்கணும் அங்கிள். அப்படியே கொஞ்சம் தூக்கணும், திரும்ப வைக்கணும். பத்துப் பத்தா, காலையில சாயங்காலம். இப்ப ஒரு விரல்தான் லேசா அசையுது, அதுவே பெரிய விஷயம்." சமையலறை வாசலுக்கு வந்து அவளிடம் தனியாகச் சொன்னாள். "முதல் ஆறு மாசத்துல வர்றதுதான் ஆன்ட்டி. அதுக்குள்ள விட்டுட்டா அந்தக் கை அப்புறம் வராது. கண்டிப்பா பண்ண வைங்க."

முதல் நாள் காலை அவள் பழையபடி கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"ம். ஆரம்பிங்க, நான் எண்றேன்."

"நீ உள்ள போ."

"ஏங்க?"

"நீ பார்த்தா எனக்கு வராது. நானே எண்ணிக்கறேன்."

கையை முகத்துக்கு நேரே நீட்டிய மனிதர். அவள் எழுந்து உள்ளே போனாள். அடுப்படியில் நின்று கேட்டாள். ஒண்ணு, ரெண்டு, மூணு. குரல் சீராக வந்தது. பத்து முடிந்து, கொஞ்சம் இடைவெளி விட்டு, மறுபடி ஒன்று. எல்லாம் முடிந்ததும் கூப்பிட்டார். "முடிஞ்சுது. நீ குளத்துக்குப் போறதுன்னா போயிட்டு வா."

அவள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு கீழ் வீட்டில் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த நாளும் போனாள். காலை என்பது அவளுக்கு அந்த எண்ணிக்கையின் சத்தமாக மாறியது. அவர் எண்ண ஆரம்பித்ததும் குளத்துத் துண்டையும் நீச்சல் தொப்பியையும் பையில் வைப்பாள், முடித்ததும் செருப்பைப் போடுவாள். கண்டக்டரம்மா அவளை ஆழமான பக்கத்தின் ஓரம் வரை கூட்டிப்போனாள். காலுக்குக் கீழே தரை இறங்கி இறங்கிக் கடைசியில் இல்லாமலே போவதை அவள் பார்த்தாள். பயமாகவும் இனிப்பாகவும் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முப்பத்தெட்டு பார்க்க வந்தார். தலை முழுக்க வெளுத்து, தொப்பையைத் தனியாக ஒரு சாமான் மாதிரி முன்னால் ஏந்திக்கொண்டு வந்தார். கட்டிலோரம் உட்கார மூச்சு வாங்கியது.

"என்னடா பயில்வான், கை எப்படி இருக்கு?"

"இருக்கு."

"என் வீட்டுக்காரி டான்ஸ் கிளாஸ் போறா, தெரியுமா? இந்த வயசுல. சாயங்காலம் ஆச்சுன்னா பாட்டுப் போட்டுக் குதிக்கறா. கீழ் வீட்டுக்காரன் புகார் குடுத்துட்டான்." அவர் சிரித்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "நீங்களும் நீந்தறீங்களாமே தங்கச்சி. நாங்க தூக்கறப்ப சிரிச்சீங்க. இப்ப நீங்கள்லாம் கெளம்பிட்டீங்க, எங்களுக்குத்தான் செருப்பு மாட்டவே முடியல."

"நீங்களும் நடங்கண்ணா, யார் வேணாம்னா?"

"யாரு பாக்கறா, நான் நடந்தா?" என்றார் முப்பத்தெட்டு. வேடிக்கையாகத்தான் சொன்னார். பயில்வான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூன்றாவது மாதம் பிசியோ பெண் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தாள். புறங்கையில் சதை வற்றியிருந்தது. அசைந்துகொண்டிருந்த விரல் இப்போது அசையவில்லை.

"தினமும் பண்றீங்களா அங்கிள்?"

"பண்றேன்."

"பண்றாரும்மா" என்றாள் அவள். "தினம் என் காதால கேக்கறேன்."

பெண் அந்தக் கையைத் திரும்பத் துண்டின் மேல் வைத்தாள். போகும்போது வாசலில் செருப்பு மாட்டியபடி கேட்டாள். "கேக்கறீங்க. பார்த்தீங்களா ஆன்ட்டி?"

அன்று சாயங்காலம் அவள் அந்தத் துண்டைக் கையில் எடுத்தாள். அவளே தேய்த்து மடித்துக் காலையில் கைக்குள் வைப்பது, இரவு எடுப்பது. முப்பது வருடமாகத் துண்டுகளை மடித்தவள். ஒருமுறை பிடித்த துண்டு எப்படி இருக்கும், பிடிக்காத துண்டு எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மடிப்பு கத்தி மாதிரி இருந்தது. நேற்றும் அப்படித்தான் இருந்தது. போன வாரமும். இரவில் எடுக்கும்போதெல்லாம் விரல்களுக்குத் தெரிந்ததை அவள் மேலே வரவிடாமல் வைத்திருந்தாள். வந்திருந்தால் காலையில் பையை எடுத்திருக்க முடியாது.

மறுநாள் அடுப்படியில் பாத்திரத்தை உருட்டிச் சத்தம் காட்டிவிட்டு, அவர் எண்ண ஆரம்பித்ததும் வெறுங்காலோடு முன்னறைக்கு வந்தாள்.

அவர் மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு, அஞ்சு, ஆறு. ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் கஷ்டப்படுகிற மாதிரி மூச்சுகூட விட்டார். கை துண்டின் மேல் கிடந்தது, மேஜையில் யாரோ மறந்துவிட்டுப் போன கையுறை மாதிரி. பத்து வரை எண்ணி முடித்த பிறகுதான் அவளைப் பார்த்தார்.

"எத்தனை நாளா?"

"முதல் வாரம் பண்ணினேன்."

"அந்தப் பொண்ணு சொன்னது உங்களுக்குக் கேக்கலையா? ஆறு மாசத்துக்குள்ள வரலைன்னா வராதுன்னு சொன்னாளே."

"கேட்டுச்சு."

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். அவர் இடது கையால் துண்டை எடுத்துக் கொஞ்சம் தூக்கி, அதே இடத்தில் வைத்தார். மறுபடி தூக்கினார், வைத்தார்.

"எடுத்த இடத்துலயே வைக்கறதுக்கு எதுக்கு எடுக்கணும்? நீ கேப்பியே. அப்ப எனக்குப் பதில் இருந்துச்சு. இப்ப நான் கேக்கறேன், நீ சொல்லு."

"கை வரும்ல."

"வந்து?"

"டம்ளர் பிடிக்கலாம். நீங்களே சட்டைப் பட்டன் போட்டுக்கலாம்."

"பட்டன்" என்றார். சிரிக்கப் போன வாய் ஒரு பக்கம் மட்டும் போனது. "நான் பண்ணினதெல்லாம் ஏறுறதுக்கு. இது இறங்காம இருக்கறதுக்கு. உன்னால முடியுது. நீ அங்க போய் ஒண்ணுமே ஜெயிக்காம சந்தோஷமா வர்ற. தலை ஈரத்தோட வந்து நிப்ப, பார்ப்பேன். எனக்கு அது தெரியாது. யாரும் சொல்லிக்கொடுக்கல."

அவளிடம் பதில் இருக்கத்தான் செய்தது. தண்ணீருக்குள் இருந்தபோதெல்லாம் அது உடம்பு முழுக்க இருந்தது. வாய்க்குக் கொண்டுவரத் தெரியவில்லை.

"அப்புறம் எதுக்கு எண்ணினீங்க?"

"எண்ணினாத்தானே நீ குளத்துக்குப் போவ."

அது பாதிதான் உண்மை என்று இருவருக்கும் தெரியும். அந்தப் பாதியே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. பையிலிருந்து நீச்சல் தொப்பியை எடுத்துப் பால்கனிக் கொடியில் போட்டாள். திரும்பி வந்து துண்டை அவர் கைக்குள் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள்.

"தூக்குங்க. நான் எண்றேன்."

அன்றிலிருந்து அவள் குளத்துக்குப் போகவில்லை. பெண்களுக்கான அந்த ஒரு மணி நேரமும் அவருக்கு உடம்பு கொஞ்சம் தெம்பாக இருக்கிற நேரமும் ஒன்றாகவே இருந்தன. மதியத்தில் அவர் தூங்கிவிடுவார், சாயங்காலம் எரிந்துவிழுவார். அவள் எண்ணினாள், அவர் முயன்றார். பார்க்க ஆள் இருந்ததால் முயன்றார். நெற்றி நரம்பு புடைத்தது, தோள் நடுங்கியது, துண்டின் ஓரம் நூலளவு எழும்பியது போலவும் இருந்தது. எழும்பியதா என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

கண்டக்டரம்மா ஒருநாள் மூன்று மாடி ஏறி வந்தாள். பயில்வான் பழுது பார்க்காத லிஃப்ட் நின்றுபோயிருந்தது.

"என்னம்மா, பாதி வழியில எறங்கிட்ட?"

"இவருக்குக் கை கொஞ்சம் சரியாகட்டும்க்கா."

கண்டக்டரம்மா கட்டிலைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். எவ்வளவோ பேரின் முகத்தைப் பார்த்தே எங்கே இறங்குவார்கள் என்று சொல்லக்கூடியவள். "சரி, எடம் போட்டு வெக்கறேன்" என்று மட்டும் சொன்னாள். மற்றவர்கள் ஆழமான பக்கம் போய்விட்டதை அவள் சொல்லவில்லை. தண்ணீர் எப்படி இருக்கிறது என்று இவளும் கேட்கவில்லை. படியில் அவள் இறங்குகிற சத்தம் அடிவரை கேட்டது.

குனிந்தால் நிமிர முடியாத வலி திரும்பி வந்தது. கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

ஆறாவது மாதம் முடிந்த வாரம் பிசியோ பெண் கடைசியாக வந்தாள். கையை மடக்கினாள், நீட்டினாள், விரல்களைத் தட்டினாள். பைக்குள் சாமான்களை வைத்தபோது அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

"இனிமே நான் வரணும்னு இல்ல ஆன்ட்டி. அங்கிள் நடக்கறாரு, அது நல்லது. கை இப்படியேதான் இருக்கும். இறுகிப்போயிடாம வெச்சுக்கிட்டா போதும். காலையில ஒரு பத்துத் தடவை, அவ்வளவுதான்."

"எவ்வளவு நாளைக்கும்மா?"

பெண் பையைத் தோளில் மாட்டினாள். "எப்பவும்தான்" என்றாள்.

அடுத்த நாள் காலை. வெயில் ஜன்னல் கம்பிகளைக் கட்டிலின் மேல் கோடுகளாகப் போட்டிருந்தது. கொடியில் நீச்சல் தொப்பி காய்ந்து சுருங்கி, பழத்தோல் மாதிரி தொங்கியது. அவள் துண்டைத் தேய்த்து மடித்து அவர் கைக்குள் வைத்தாள், விரல்களை மடக்கிவிட்டாள்.

"ஒண்ணு."

தோள் அசைந்தது. கை அசையவில்லை.

"ரெண்டு. மூணு."

அவர் இடது கையை நீட்டி அவள் முழங்காலைத் தொட்டார்.

"இந்தா."

"பேச்சு குடுக்காதீங்க. நாலு."

"முப்பத்தெட்டு எண்ணுவானே," என்றார் பயில்வான். கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த மாதிரி எண்ணேன்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அவரைப் பார்த்தாள். நரைத்த புருவம், ஒரு பக்கம் சரிந்த வாய், ஒரு எண் குறைந்ததற்காக ஒன்றிலிருந்து மறுபடி ஆரம்பித்த மனிதர். ஒரு எண்ணை விட்டால் எங்கே என்றுதான் கேட்பார் என்று தோன்றியது. ஆரம்பித்தால் பாதியில் நிறுத்தக் கூடாது.

"அஞ்சு," என்றாள். "ஒன்பது."

ஆறு எங்கே என்று அவர் கேட்கவில்லை.

"பத்து."